மூன்றே முக்கால் படியும் பதினைந்து உழக்கும்

பின்னக் கணக்கு என்றாலே பின்வாங்குவோர் நம்மில் பலர். அதிலும், "கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்றுக" என்ற வினாவைக் கண்டால், "பெருக்கு, கூட்டு, கீழே எழுது" என்று மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே விடையை எழுதி முடித்துவிடுகிறோம். விடை சரியாக இருக்கும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், "ஏன் பெருக்கினாய்? எதனோடு எதைக் கூட்டினாய்? கீழே இருக்கும் எண் மட்டும் ஏன் மாறவில்லை?" என்று வீட்டில் தம்பியோ தங்கையோ கேட்டால், "டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்பதைத் தவிர நம்மிடம் பதில் இருப்பதில்லை.

காரணம் தெரியாத விதி தேர்வு அறை வரைதான் துணைக்கு வரும். துணிக்கடையிலும், சமையல் அறையிலும், மருந்துக் கடையிலும் அது நம்மைக் கைவிட்டுவிடும். ஆகவே, அன்புத் தோழியரே, ஆறாம் வகுப்புத் தங்கையரே, இந்தச் சிறு விதியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் ஒருமுறை திறந்து பார்ப்போம். பெற்றோரும் உடன் அமர்ந்து பார்க்கலாம். அவர்களுக்கு நன்கு தெரிந்த பொருள்களே இங்கு வரப்போகின்றன.

மறைந்திருக்கும் கூட்டல் குறி

முதலில் பெயர்களை நினைவுபடுத்திக்கொள்வோம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி. கீழே இருப்பது பகுதி. ஒரு முழுப்பொருளை எத்தனை சம பங்காக வெட்டினோம் என்பதைப் பகுதி சொல்லும். அவற்றில் எத்தனை பங்கை எடுத்துக்கொண்டோம் என்பதைத் தொகுதி சொல்லும். தொகுதி பகுதியைவிடச் சிறியதானால் அது தகு பின்னம், ¾ அவ்வகை. தொகுதி பகுதிக்குச் சமமாகவோ அதைவிடப் பெரியதாகவோ இருந்தால் அது தகாப் பின்னம்; 15/4 அவ்வகை. முழு எண்ணும் தகு பின்னமும் சேர்ந்து நின்றால் அது கலப்புப் பின்னம், 3¾ அவ்வகை.

3¾ என்று எழுதும்போது மூன்றுக்கும் முக்காலுக்கும் நடுவே எந்தக் குறியும் இல்லை. ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள்: "மூன்றே முக்கால்." இடையில் ஓர் ஏகாரம் வந்துவிடுகிறது அன்றோ? ஒன்றே கால், இரண்டே முக்கால் என்று சொல்லும்போதெல்லாம் அந்த ஏகாரமே கூட்டல் குறியின் வேலையைச் செய்கிறது. ஒன்றே கால் என்றால் ஒன்றும் காலும். இரண்டரை என்றால் இரண்டும் அரையும். கலப்புப் பின்னத்தில் ஒரு கூட்டல் குறி மறைந்திருக்கிறது. இதை மறவாதிருந்தால் பாதிக் கணக்கு முடிந்தது என்று கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? மேல் வகுப்புக்குப் போனால் இயற்கணிதம் வரும். அங்கே 3a என்று எழுதினால் மூன்றையும் a-யையும் பெருக்க வேண்டும் என்று பொருள். அந்தப் பழக்கத்தில் 3¾ என்பதையும் மூன்று பெருக்கல் முக்கால் என்று எண்ணிவிட்டால் விடை 2¼ ஆகிவிடும். மூன்றே முக்கால் ரூபாய் இரண்டே கால் ரூபாய் ஆவதை எந்தக் கடைக்காரர் ஒப்புக்கொள்வார்?

உழக்கு சொல்லும் பாடம்

இனி விதிக்கு வருவோம். நம் பாட்டிமார் அரிசி அளந்த முறையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே ஒரு படிக்கு நான்கு உழக்கு. உழக்கு என்பது கால் படி. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் நாட்டில் நடைமுறைக்கு வந்தபின் வணிகத்தில் கிலோவும் லிட்டரும் இடம்பிடித்துவிட்டன. எனினும் உலைக்கு அரிசி அளக்க உழக்கை எடுக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

மூன்றே முக்கால் படி அரிசி அளந்து போட வேண்டும். கையில் படி இல்லை. உழக்கு மட்டுமே இருக்கிறது. எத்தனை தடவை அளப்போம்?

ஒரு படிக்கு நான்கு உழக்கு; எனவே மூன்று படிக்கு 3 × 4 = 12 உழக்கு. இதுவே "பெருக்கு" என்பதன் பொருள். மீதம் முக்கால் படி. அதாவது மூன்று உழக்கு. முன்பு அளந்த பன்னிரண்டுடன் இந்த மூன்றையும் சேர்த்தால் 12 + 3 = 15 உழக்கு. இதுவே "கூட்டு" என்பதன் பொருள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே உழக்கால்தான் அளந்தோம். அளவு கருவி மாறவில்லை. ஆகவே "கால் படி" என்பதைக் குறிக்கும் 4 என்ற பகுதியும் மாறவில்லை. "கீழே எழுது" என்பதன் பொருள் இதுதான்.

3¾ = (3 × 4 + 3)/4 = 15/4

மூன்றே முக்கால் படியும் பதினைந்து உழக்கும் ஒரே அரிசிதான். ஒரு மணிகூடக் கூடவில்லை. ஒரு மணிகூடக் குறையவில்லை. முன்பு இரண்டு விதமாகச் சொன்னதை இப்போது ஒரே விதமாகச் சொன்னோம். முழுமையையும் பங்கையும் ஒரே அளவைக்குக் கொண்டுவருவதே இந்த மாற்றத்தின் உட்பொருள்.

நாணயத்திலும் இதைக் காணலாம். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புதிய பைசா வரும்வரை நம் நாட்டில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அக்காலத்தில் இரண்டு ரூபாய் ஐந்து அணாவை அணாவாக மாற்றச் சொன்னால், 2 × 16 + 5 = 37 அணா என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அதையே நாம் 2 5/16 = 37/16 என்று எழுதுகிறோம். இன்று நான்கு ரூபாய் முப்பத்தைந்து பைசா என்றால் 435 பைசா என்கிறோம்; 4 35/100 = 435/100. ரூபாயைப் பைசாவாக்க அஞ்சாத நாம், கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக்க மட்டும் அஞ்சுவானேன்? இரண்டும் ஒரே வேலைதானே!

முன்னோர் கண்ட வழி

இது நேற்று வந்த விதியன்று. பழந்தமிழ்க் கணக்கில் பின்னங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. கால், அரை, முக்கால் ஆகியவை நமக்குத் தெரியும். காலில் பாதி அரைக்கால், அது 1/8. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றை மனப்பாடம் செய்தார்கள். பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி என்பது பெயரிலேயே தெரிகிறது. சரிபார்ப்போமா? ஒரு மாவுக்கு நான்கு காணி. அதனுடன் ஒரு காணியைச் சேர்த்தால் ஐந்து காணி; 5/80 = 1/16. மாவைக் காணியாக்கிய பின்பே கூட்ட முடிந்தது என்பதைக் கவனியுங்கள். உழக்கின் பாடமேதான் இங்கும்.

பாஸ்கராசாரியார் 1150ஆம் ஆண்டளவில் வடமொழியில் இயற்றிய 'லீலாவதி' என்னும் கணித நூலிலும் இவ்விதி இருக்கிறது. முழு எண்ணைப் பகுதியால் பெருக்கி, தொகுதியைச் சேர்க்க வேண்டும். பின்னம் குறைக்கப்பட வேண்டியதானால் கழிக்க வேண்டும் என்பது அங்குச் சொல்லப்படும் முறை. இரண்டே கால் எவ்வளவு, மூன்றுக்குக் கால் குறைவு எவ்வளவு என்பவை அதற்கான எடுத்துக்காட்டுகள். விடைகள் 9/4, 11/4. அக்காலத்தில் முழு எண்ணை மேலேயும், தொகுதியை அதன் கீழேயும், பகுதியை அதற்கும் கீழேயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்கள். நடுவில் கோடு இடுவதில்லை.

லீலாவதி என்பது அவருடைய மகளின் பெயர் என்று ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எப்படி இருப்பினும், அந்நூலின் கணக்குகள் பல ஓர் இளம் பெண்ணை விளித்துக் கேட்கப்பட்டவையே. "பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று யாரேனும் சொன்னால், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகவே பெண்ணைப் பார்த்துத்தான் கணக்குக் கேட்டுவருகிறார்கள் என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்?

"எல்லாம் சரி, மாற்றித்தான் ஆக வேண்டுமா? முழுவை முழுவோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் தனித்தனியே செய்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சில கணக்குகளைப் போட்டுப் பார்த்து விடை காண்போம்.

முதலாவது, ஒரு வீட்டுத் திண்ணை. நீளம் 3½ மீட்டர். அகலம் 2½ மீட்டர். தரைக்கு ஓடு பதிக்க வேண்டும். மூன்றையும் இரண்டையும் பெருக்கி 6, அரையையும் அரையையும் பெருக்கி ¼, ஆகமொத்தம் 6¼ சதுர மீட்டர் என்று கணக்கிட்டு ஓடு வாங்கினால், கொத்தனார் பாதி வேலையில் எழுந்து நிற்பார்!

தரையின் படத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். ஒரு மீட்டர் சதுரங்கள் முழுதாக ஆறு இருக்கும். நீளத்தின் ஓரத்தில் இரண்டு அரைச் சதுரங்கள்; அகலத்தின் ஓரத்தில் மூன்று அரைச் சதுரங்கள்; மூலையில் ஒரு கால் சதுரம். 6 + 1 + 1½ + ¼ = 8¾ சதுர மீட்டர். முன்பு போட்ட கணக்கில் ஓரங்கள் இரண்டும் விடுபட்டுப்போயின. 2½ சதுர மீட்டர் தரை மண்ணாகவே கிடந்திருக்கும்.

தகாப் பின்னமாக மாற்றினால் எதுவும் விடுபடாது. 3½ = 7/2; 2½ = 5/2. அதாவது நீளத்தில் ஏழு அரை மீட்டர்; அகலத்தில் ஐந்து அரை மீட்டர். அரை மீட்டர் சதுரங்களாகக் கட்டம் போட்டால் 7 × 5 = 35 கட்டங்கள். நான்கு கட்டம் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 35/4 = 8¾. தொகுதியைத் தொகுதியாலும் பகுதியைப் பகுதியாலும் பெருக்குவதன் காரணமும் இந்தப் படத்திலேயே கிடைத்துவிட்டது.

இரண்டாவது, தையல் வகுப்பு. 8¼ மீட்டர் துணி இருக்கிறது. ஒரு தலையணை உறைக்கு ¾ மீட்டர் வேண்டும். எத்தனை உறை தைக்கலாம்? எட்டே காலை முக்காலால் வகுக்க வேண்டும் என்றதும் மலைப்பாக இருக்கிறது. துணியைக் கால் மீட்டர் கணக்கில் சொல்லிப் பாருங்கள்: 8 × 4 + 1 = 33. ஓர் உறைக்கு மூன்று கால் மீட்டர். 33-ஐ 3-ஆல் வகுத்தால் 11 உறைகள். ஒரு துண்டுகூட வீணாகாது. கலப்புப் பின்னமாக இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத விடை, தகாப் பின்னம் ஆனதும் தானே முன்வந்து நிற்கிறது.

மூன்றாவது, எண்ணெய். தகரத்தில் 5¼ லிட்டர் இருந்தது. பண்டிகைப் பலகாரத்துக்கு 2¾ லிட்டர் செலவாயிற்று. மீதம் என்ன? ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்பர். காலில் முக்கால் போகாது. எனவே முக்காலில் காலைக் கழித்து அரை, ஆக 3½ லிட்டர் என்று அவசரத்தில் எழுதிவிடுவோர் உண்டு. 21/4 - 11/4 = 10/4 = 2½ லிட்டர் என்பதே சரி. இல்லாத ஒரு லிட்டர் எண்ணெயை நம்பி அடுப்பில் சட்டி வைக்கலாமா?

நான்காவது, மருந்து. இதில் தவறு நேர்ந்தால் பொருள் நட்டம் மட்டுமன்று. மருத்துவர் வேளைக்கு ஒன்றரை மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள் என்று எழுதித் தந்தார். மொத்தம் பதினைந்து வேளை. ஒன்றை மட்டும் பதினைந்தால் பெருக்கி, அரையை அப்படியே விட்டால் 15½ வரும். உண்மையில் 3/2 × 15 = 45/2 = 22½ மாத்திரை வேண்டும்; அரையாக விற்கமாட்டார்கள் ஆதலால் 23 வாங்க வேண்டும். தவறான கணக்கில் ஏழு மாத்திரை குறைகிறது. நாளுக்கு நாலரை மாத்திரை வீதம், நான்காம் நாள் நடுவிலேயே மருந்து தீர்ந்துபோகும். நாளை நம்மில் சிலர் செவிலியராகப் போகிறோம். பலர் வீட்டில் நோயாளியைக் கவனிக்கப்போகிறோம். பின்னம் அப்போது பாடமாக இராது, பொறுப்பாக இருக்கும்.

ஆகவே பெருக்கலிலும் வகுத்தலிலும் முதலில் தகாப் பின்னமாக மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு. கழித்தலில் பின்னம் போதாமல் போகும்போதும் அப்படியே. கூட்டலில் மட்டும் அவசியமில்லை. 12½ கிலோவும் 7¼ கிலோவும் சேர்ந்தால் 19¾ கிலோ என்று நேராகவே சொல்லிவிடலாம். மறைந்திருப்பது கூட்டல் குறி அல்லவா? கூட்டலோடு கூட்டல் சண்டையிடுவதில்லை.

தகாதது எது?

"தகாப் பின்னம்" என்ற பெயரைக் கேட்டு, அது ஏதோ தவறான பின்னம் என்று எண்ணிவிடக் கூடாது. பெயர்தான் தகாதது, வேலைக்கு அது மிகவும் தகுந்தது. வட்டக் கணக்குகளில் 22/7 என்று எழுதுகிறோமே, அது ஒரு தகாப் பின்னம். கலப்புப் பின்னமாக்கினால் 3 1/7. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல 3 1/7 மடங்குக்குக் குறைவு, 3 10/71 மடங்குக்கு அதிகம் என்று கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே நிறுவினார். 22/7 சரியான மதிப்பன்று. ஆனால் அன்றாட வேலைக்குப் போதுமான மதிப்பு. விட்டம் 3½ மீட்டர் உள்ள கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். 3 1/7 × 3½ என்று எழுதினால் தலை சுற்றும். 22/7 × 7/2 என்று எழுதினால் ஏழும் ஏழும் அடிபட்டு 11 மீட்டர் என்ற விடை வந்து விழும்.

ஆனால் கடைக்குப் போய், "பதினைந்தின் கீழ் நான்கு கிலோ சர்க்கரை கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கே மூன்றே முக்கால் கிலோ என்றுதான் கேட்க வேண்டும். கணக்குப் போடத் தகாப் பின்னம். காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக் கலப்புப் பின்னம். இடத்துக்கு ஏற்ற உடை போல, வேலைக்கு ஏற்ற வடிவம். ஆதலால் திரும்பி வரும் வழியையும் தெரிந்திருக்க வேண்டும். 29/6 என்றால் ஆறால் வகுக்கிறோம். ஈவு 4, மீதி 5. ஆகவே 4 5/6. ஒவ்வொரு முறையும் இப்படித் திரும்பி வந்து பார்த்தால், போன வழி சரிதானா என்பதும் தெரிந்துவிடும்.

மேல் வகுப்புத் தோழியருக்கு ஒரு சொல். குறை எண்களில் எச்சரிக்கை வேண்டும். -2½ என்றால் இரண்டு மட்டும் குறை, அரை நிறை என்பதன்று. இரண்டரை முழுதும் குறை. ஆகவே -(2 + ½) = -5/2. கழித்தல் குறியை வெளியே வைத்துவிட்டு, உள்ளே இருப்பதை மாற்றுங்கள். பிழை நேராது.

நீங்களும் போட்டுப் பாருங்கள்

1. 4 5/8 படி அரிசியில் எத்தனை ஆழாக்கு? அதைத் தகாப் பின்னமாக எழுதுக.
2. 13½ மீட்டர் ரிப்பன் இருக்கிறது. ஒரு பெண்ணின் இரட்டைச் சடைக்கு 1½ மீட்டர் வேண்டும். எத்தனை பேருக்குப் போதும்?
3. ஓர் அறையின் நீளம் 4½ மீட்டர். அகலம் 3 1/3 மீட்டர். பரப்பளவு என்ன?
4. ஒன்றும் மூன்று மாவும் சேர்ந்தால் எத்தனை முந்திரி?

விடைகள்: (1) 37 ஆழாக்கு, 37/8. (2) 9 பேருக்கு. (3) 15 சதுர மீட்டர். (4) 368 முந்திரி.

விடை வந்ததும் நின்றுவிடாதீர்கள். எதை எதனால் பெருக்கினோம், எந்த அளவையில் எண்ணினோம் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்காட்டுங்கள். தெளிவாகச் சொல்ல முடிந்தால் அந்தக் கணக்கு நமக்குச் சொந்தம். சொல்ல முடியாவிட்டால் ஓர் உழக்கையும் கொஞ்சம் அரிசியையும் எடுத்துக்கொண்டு மறுபடி அளந்து பாருங்கள்.